தாங்கிக்குள் இரைந்த மெசின்

நாவற்குடாவில் எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் குழாய் வேலையெல்லாம் நோபேட்டின் பொறுப்பு. பெயருக்குத்தான் சுப்பர்வைசர், எந்நேரமும் குறடும் கையுமாக நிற்பவர். அன்று காலை ரவுனுக்குப் போய் வால்வு வாங்கிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் நிறுத்தியபோது, பெற்றோல் மெசின் இரைகிற சத்தம் கேட்டது. மெசின் கண்ணில் படவில்லை. சத்தம் நிலத்துக்குள்ளிருந்து வந்தது.

வால்வுப் பொதியைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஒன்பது வருசத்துக்கு முன் மண்டூரில் ஒரு கிணற்றுக்குள்ளிருந்தும் இதே சத்தம்தான் வந்தது. தண்ணீர் இறைக்க மெசினை உள்ளே இறக்கி ஓடவிட்டிருந்தார்கள். அந்தப் புகையில் ஒருவன் சாய்ந்தான். அவனைத் தூக்க இறங்கியவன் நோபேட்டின் தம்பி அன்ரோ. இரண்டு பேரும் உயிரோடு மேலே வரவில்லை. மூன்றாவதாக இறங்க ஓடிய நோபேட்டை வினாயகமூர்த்தி என்ற மேசன் இடுப்போடு கட்டிப்பிடித்து மண்ணோடு அமுக்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு நோபேட்டின் வேலைத்தளங்களில் ஒரு சட்டம்: குழிக்குள் இறங்குகிறவன் நெஞ்சில் கயிறு கட்டவேண்டும். "சுப்பர்வைசர் நம்மள மாடு மேய்க்கிறார்" என்று குழாய் வேலைக்காரன் நல்லரத்தினம் பகிடி பண்ணுவான், பண்ணிக்கொண்டே கட்டிக்கொள்வான்.

நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியின் வாயடியில் கொந்தராத்துக்காரன் நிஸ்தார் நின்றான்.

"ஆர் உள்ளுக்கு?"

"நல்லரத்தினம். மழைத்தண்ணிய இறைக்க வேணுமே அண்ணன். கரண்ட் போய் மோட்டர் நிண்டிட்டு. மேல வெச்சித்தான் மெசின அடிச்சம். ஹோஸ் வெடிச்சிக் காத்து இழுக்குது. கட்டை ஹோஸப் போட்டு மெசின உள்ளுக்கு இறக்கினாச் சரி எண்டான்."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னதெல்லாம்?"

"கிணத்து மண்ணிலதான் அந்த விசக்காத்து, இது புதுச் சீமெந்துத் தாங்கி, ஒண்டும் செய்யா எண்டான். கயிறும் கட்டித்தான் கிடக்கு."

கயிறு இருந்தது. ஒரு தலைப்பு தூணில். மற்றது மெசினின் கைப்பிடியில். மெசினை இறக்கக் கட்டியது. ஆளுக்குக் கட்டவில்லை.

இரண்டடிச் சதுர வாய். நோபேட் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். ஒன்பதடி கீழே, கல்லடுக்கின்மேல் மெசின் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தான் நல்லரத்தினம். தலை தொங்கியிருந்தது.

நிஸ்தார் ஏணியில் காலை வைத்துவிட்டான். நோபேட் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"விடுங்க அண்ணன், ஆள் சாகப்போறான்!"

"நீயும் சாவாய்."

"யா அல்லாஹ், பாத்துக்கிட்டு நிக்கிறதா?"

"மெசின இழு! முதல்ல மெசின இழு!"

இழுத்தார்கள். மெசின் சுவரில் மோதி மோதி மேலே வந்தது. நிறுத்தும்போது சூட்டில் நோபேட்டின் முழங்கைத் தோல் வழன்றது. இரைச்சல் நின்றதும்தான் நல்லரத்தினம் வழுகுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் அவன் நாடியைத் தொட்டுவிட்டது. உள்ளே நின்ற புகை எங்கும் போகவில்லை.

நோபேட் சுற்றிப் பார்த்தார். இரண்டங்குலக் குழாய்கள் கட்டாகக் கிடந்தன. ஒன்றை உருவினார். மெசினிலிருந்து அவிழ்த்த கயிற்றை மடித்துக் குழாய்க்குள்ளால் விட்டார். கீழே கண்ணி, மேலே இரண்டு தலைப்பும்.

மூச்சை அடக்கிக்கொண்டு குழாயை இறக்கினார். கண்ணி தோளில் பட்டு வழுகியது. திரும்பவும் போட்டார். திரும்பவும் வழுகியது. மூச்சு முட்டியது. தலையை வெளியே திருப்பி மூச்சை இழுத்துக்கொண்டு, மூன்றாந்தரம் குனிந்தார்.

"கயிறு கட்டாம இறங்கின மாடே! கையத் தூக்குடா!"

கேட்டதோ என்னவோ, வலது கை தண்ணீரை விட்டு ஒரு சாண் எழும்பியது. அது போதும். கண்ணி தலையைத் தாண்டிக் கையிடுக்கில் இறங்கியது. "இறுக்கு!" என்றார். நிஸ்தார் இறுக்கினான். ஓடிவந்த மேசன்மார் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க, நல்லரத்தினம் மூட்டைபோலச் சுவரில் உரசிக்கொண்டு மேலே வந்தான்.

சரித்துக் கிடத்தி முதுகில் அறைந்தார் நோபேட். அசைவில்லை. இன்னொரு அறை. பிறகு ஒரு இருமல். காலையில் தின்ற புட்டெல்லாம் வெளியே வந்தது. நிஸ்தார் அழுதுகொண்டே அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடித்தான்.

அம்புலன்ஸ் போனபின் நிஸ்தார் தன் மணிக்கட்டைத் தடவினான். ஐந்து விரலும் கன்றிப் பதிந்திருந்தன.

"அவன் மவுத்தாயிருந்தா, வாழ்நாளுக்கும் உங்களோட கதைச்சிருக்க மாட்டன் அண்ணன்."

"தெரியும்" என்றார் நோபேட். "நானும் ஒருத்தரோட ஒம்பது வருசமாக் கதைக்கல்ல."

போனை எடுத்தார். அழிக்காமல் வைத்திருந்த நம்பர்தான். நெடுநேரம் மணி அடித்தது.

"ஆரு?"

"நோபேட், அண்ணே."

அந்தப் பக்கத்தில் கொங்கிறீட் மிக்சர் சுழலுகிற சத்தம் கேட்டது. பிறகு அது தூரமாகியது. வினாயகமூர்த்தி தள்ளிப் போயிருக்கவேண்டும்.

"என்ன மனே? ஆரும் உள்ளுக்குப் போனாங்களா?"

"ஓம். தாங்கிக்குள்ள. எடுத்திட்டம், உசிரோட."

"நீ?"

"நான் இறங்கல்ல அண்ணே" என்றார் நோபேட்.