பதுக்கல்காரர் வைத்த இடம்

இடது கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்காகியிருந்தது. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, ரேசரை மெல்ல இழுத்தாள் மனைவி. வலது கன்னத்தை மனுஷர் காலையில் தானே மழித்து முடித்திருந்தார். அதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. பாதி ஷேவோடு நாலு பேருக்கு முகம் காட்டுவதாவது என்று அவளே உட்கார்ந்துவிட்டாள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு நிமிஷம் ஒரு எடத்துல உக்காந்தானா என் தம்பி? இப்பப் பாரு, எவ்வளவு சமத்தா படுத்திருக்கான்," என்றாள் கதவோரம் நின்ற நாத்தனார், அழுகையின் நடுவே. அழுதுகொண்டே பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

செத்துப்போனவர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருபத்தாறு வருஷம் மருந்துகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் பதுக்கல்காரர். விஷமுறி ஊசிகளை அலமாரியில் வைத்தால் ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் 'நாளைக்குத் தந்துடறோம்' என்று அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நாளை ஒருநாளும் விடிந்ததில்லை. அதனால் பார்வைக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, மீதியை ஒளித்துவிடுவார். இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அவ்வப்போது மாற்றுவார்.

போன் அடித்தது. தலைமை நர்ஸ்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கவே நாக்கு கூசுது. வேற வழி தெரியல."

"சொல்லும்மா."

"ஒரு தோட்டக்காரர். முதுகுல மாட்டியிருந்த ஸ்பிரேயர் உடைஞ்சு பூச்சிமருந்து மேலெல்லாம் கொட்டிடுச்சு. மூச்சு முட்டுது. அலமாரில இருக்கற முறிமருந்து இன்னும் இருபது நிமிஷத்துக்குத்தான் தாங்கும். அடுத்த ஆஸ்பத்திரியிலேருந்து வர ஒரு மணி நேரமாவும். சார் எங்கக்கா வெச்சிருப்பாரு?"

"தேடினீங்களா?"

"ஃப்ரிட்ஜ், லாக்கர், அவரு மேஜை, எல்லாத்தையும் கவுத்தாச்சு. மேற்கூரைப் பலகையக்கூட கழட்டிப் பாத்தாச்சு."

அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கதையை வீட்டு வாசப்படி தாண்ட விடாத மனுஷர். இப்போது கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாரா?

ஆனால் அவர் ஒளிக்கும் லட்சணம் அவளுக்குத் தெரியும். சர்க்கரைக்காக டாக்டர் பிஸ்கட்டை நிறுத்திய நாளிலிருந்து வீட்டிலும் பதுக்கல்தான். எட்டு மாதம் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தாள். அலமாரியின் மேல்தட்டில், 'அக்கா கல்யாண ஆல்பம்' என்று எழுதிய பெட்டிக்குள். அதை வீட்டில் எவரும் தாமாகத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கண்டுபிடித்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. வாரம் எத்தனை குறைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

"இங்க பாரும்மா. அங்க யாருக்குமே தொடப் பிடிக்காத பெட்டி எது?"

"இங்க எல்லாமே அப்படித்தானேக்கா."

"அவரு கையெழுத்துல பேரு எழுதியிருக்கும். படிச்சாலே கை பின்னால போற மாதிரி."

அந்தப் பக்கம் நர்ஸ் யாரிடமோ எதையோ கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "சிங்குக்குக் கீழ ஒண்ணு இருக்குக்கா. மலப் பரிசோதனை டப்பா. அடைப்புக்குறிக்குள்ள 'உபயோகித்தது'ன்னு வேற போட்டிருக்கு."

"அதேதான். திற."

ஓடும் காலடிச் சத்தம். டேப் கிழியும் சத்தம். நாத்தனார் அழுகையை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தாள்.

"அக்கா." நர்ஸ் குரல் உடைந்திருந்தது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "அட்டை அட்டையா அடுக்கி வெச்சிருக்காருக்கா. ஒவ்வொண்ணுலயும் காலாவதித் தேதிய சுத்தி செகப்பு மை. சீக்கிரம் முடியறது மேல, புதுசு கீழ."

"நின்னு பேசாத. போய்ப் போடு."

போனை வைத்துவிட்டு, மோவாயின் கீழே விட்டுப்போன நாலு முடியையும் எடுத்தாள்.

"வீட்ல எதுல வெச்சிருந்தான்?" என்றாள் நாத்தனார்.

"எத அண்ணி?"

"ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்காத."

"இருங்க, துண்ட எடுத்துட்டு வரேன்."

மதியம் ஆஸ்பத்திரி ஆட்கள் திரண்டு வந்தார்கள். தியேட்டர்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். நர்ஸ் அவள் காதருகே குனிந்தாள்.

"தோட்டக்காரருக்கு மூச்சு சீராயிடுச்சுக்கா. புதுச் சட்டைய எதுக்கு வெட்டினீங்கன்னு சண்டைக்கு நிக்கறாரு."

"நல்ல சட்டையா?"

"கண்றாவிச் சட்டைக்கா."

இரண்டு பேரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பார்த்தவர்கள், 'பாவம், தாங்க முடியாமல் அழுகிறார்கள்' என்று நினைத்துக்கொண்டார்கள்.

அமரர் ஊர்தி வந்து நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று அவள் உள்ளே போனாள். மேல்தட்டுப் பெட்டியை இறக்கித் திறந்தாள். பிஸ்கட் பாக்கெட்டின் வாய் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. காலாவதித் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இன்னும் ஐந்து மாதம் இருந்தது. முந்தாநாள் அவள் எண்ணியபோது ஏழு. இப்போது ஆறு.

"அங்க என்ன பண்றே?" என்று நாத்தனார் குரல் வந்தது.

"உங்க கல்யாண ஆல்பம் பாக்கறேன் அண்ணி."

"இப்பவா?"

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பாக்கெட்டின் வாயை அவர் மடிப்பதுபோல் இரண்டு மடிப்பாக மடித்து, ரப்பர் பேண்டை மாட்டி, எழுத்து வெளியே தெரியும்படி பெட்டியை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தாள்.