அம்மாவைப் புதைத்த இடம்

"நிறுத்துடி! இங்கதான்!"

ஆர்ஃபா கடிவாளத்தை இழுத்தாள். காலையிலிருந்து இது ஐந்தாவது 'இங்கதான்'. வண்டிக்குள் காட்டெருமைத் தோலின் மேல் கிடந்த அப்பா, பார்வை போன முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்தார்.

"இடது பக்கம் செம்பாறை தெரியுதா?"

"பாறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் புல்லு."

"அப்ப இன்னும் மேற்கால விடு. என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற?"

அப்பா லெம் டாக்கெட் இருபது வருஷம் இந்த மலைகளில் பொறி வைத்து மிருகத் தோல் சேர்த்தவர்; பிறகு மேற்கே ஆரிகனில் குடியேறக் கிளம்பிய குடும்பங்களுக்கு வழிகாட்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கணவாயைத் தாண்டிவிடுவார் என்று ஊரே மெச்சும். அப்படி ஒரு பயணத்தில்தான் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆர்ஃபாவுக்கு நாலு வயது. ஓநாய் தோண்டிவிடக் கூடாதென்று, எல்லோரும் செய்வதுபோல, தடத்தின் நடுவிலேயே குழி வெட்டி மூடி, கூட வந்த நாற்பது வண்டிகளையும் அதன்மேல் ஓட்டினார்கள். இடம் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். 'சாகறதுக்குள்ள காட்டுறேன்' என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார், பாவி மனுஷன்.

ஆர்ஃபாவின் புருஷன் ஈனஸ் தன் குதிரையை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "மூச்சு இழுக்குது. இன்னைய பொழுதத் தாண்ட மாட்டாரு. வீட்டுக்குத் திருப்பு."

"எங்கம்மா எங்கன்னு தெரியாம திரும்ப மாட்டேன்."

உச்சி வெயிலில் நிஜமாகவே ஒரு செம்பாறை வந்தது. அவள் இருக்கையிலிருந்து வண்டிக்குள் தாவினாள்.

"அப்பா, பாறை வந்துடுச்சு. இங்கயா?"

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுப்பா! இங்கயா?"

"இதுமாதிரி நூறு பாறை இருக்குடி." "மறு வருஷமே வந்து தேடினேன். ஒரு வாரம் தேடினேன். அடையாளமே தெரியல. அவ்வளவு நல்லா மறைச்சுப்புட்டோம்."

"இத்தன வருஷமா என்னை ஏமாத்தினியா?"

"வழிகாட்டின்னு பேர வச்சுக்கிட்டு... பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க அவள் வாயைத் திறந்தாள். அவர் கை அவள் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி தளர்கிறவரை அவள் கேட்கவில்லை; பிறகு கேட்டும் பயனில்லை.

ஈனஸ் தடத்தின் நடுவில் குழி வெட்டினான். மூடியதும் வண்டியில் ஏறப் போனான். "நாலு தடவை மேல ஓட்டிட்டா போதும்."

"ஒரு சக்கரம் ஏறக் கூடாது."

"ஓநாய் வருமே?"

ஆர்ஃபா பாறையடிக்குப் போய்க் கல் சுமந்து வந்தாள். நகம் பெயர்ந்தது. குவியல் இடுப்புயரம் வந்தும் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நடு வழியிலயா? வர்றவன் வாய்க்கு வந்தபடி திட்டப்போறான்."

"திட்டட்டும்."

பொழுது சாய்கிற நேரம் கிழக்கிலிருந்து வண்டிகள் வந்தன. முதல் வண்டிக்காரன் மாடுகளை இழுத்துப் பிடித்தான்.

"எந்த முட்டாப்பய வழியில கல்லக் குவிச்சான்?"

"சுத்திப் போ," என்றாள் ஆர்ஃபா.

அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். மாடுகளைப் புல்லுக்குள் திருப்பினான். பின்னால் வந்த வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின.