நுரை இல்லாத இடம்

"அமைதியான கடற்கரையில் இரண்டு நாள். காலைச் சாப்பாடும் சேர்த்து மிகக் குறைந்த கட்டணம்." விளம்பரம் வந்தபோது மொக்கச்சாமி போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜீப்புக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். கைபேசி அவருடையது அல்ல, மகன் கார்த்தியுடையது. கார்த்தி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன ஆடியில் இதே விளம்பரத்தைப் பார்த்துத்தான் கார்த்தியும் சிநேகிதர்களுமாக நான்கு பேர் அந்த விடுதிக்குக் கிளம்பினார்கள். உயிரோடு திரும்பியது மூன்று பேர். ஒரு பிள்ளையைப் பலிகொண்ட கடற்கரைக்கு மறுபடி ஆள் கூப்பிட விடுதிக்காரனுக்குக் கொஞ்சமும் கூசவில்லை. கட்டணத்தை இன்னும் கொஞ்சம் குறைத்திருந்தான், அவ்வளவுதான்.

மொக்கச்சாமி கையைத் துடைத்துவிட்டு அந்த எண்ணுக்குப் பேசி, சனி ஞாயிறுக்கு ஓர் அறை சொன்னார்.

வீட்டில் மனைவி இருளம்மாள் இதைக் கேட்டதும் அரிசி களைவதை நிறுத்திவிட்டாள்.

"அந்த எடத்துக்கா போறீக?"

"சோலி இருக்கு. திங்கக்கெழமை ஸ்டேசன்ல விசாரணை. அங்க வாட்ச்மேன் ஒருத்தன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தானாம். அவன் வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டேன்னா போதும், அந்தப் பய தப்பிக்க முடியாது."

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"எம்புள்ள கடைசியாப் படுத்த கட்டில நான் பாக்க வேணாமா?"

மொக்கச்சாமி இரண்டு பேருக்கும் பஸ்சுக்குக் காசு எண்ணி எடுத்து வைத்தார்.

'அந்தப் பய' என்றால் சூர்யபிரகாஷ். ராசிங்காபுரத்துப் பையன், கார்த்தியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பாதி நாள் இவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். மொக்கச்சாமி அவனை மாப்ளே என்பார், அவன் மாமா என்பான். கடலுக்குப் போகலாம் என்று அறை போட்டவன் அவன்தான். சுடுகாட்டில் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, எதிரில் வந்த ஆளைக்கூட அடையாளம் தெரியாமல் தடுமாறிக்கொண்டு நின்றான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மொக்கச்சாமி அப்போதே முடிவுகட்டினார். ஊரே பார்க்க ஓங்கி அறைந்தார். பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர, வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தவனுக்குப் பேச வாய் ஏது என்று மொக்கச்சாமி நினைத்துக்கொண்டார். மறுநாளே புகார் எழுதிக் கொடுத்தார்: என் மகனைக் குடிக்க வைத்துக் கடலில் இறக்கிச் சாகடித்தான்.

மூன்றாம் நாள் கிடைத்த உடம்பில் எதையும் தெளிவாகச் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் புகார் முடியவும் இல்லை, நகரவும் இல்லை. சூர்யபிரகாஷுக்கு வெளிநாட்டில் கிடைத்த வேலை அதனால் கெட்டது. கல்யாணப் பேச்சு ஒன்றும் நின்றுபோனது. கேள்விப்பட்டபோது மொக்கச்சாமிக்கு வயிறு குளிர்ந்தது. இப்படியெல்லாம் சந்தோஷப்படுகிற மனுஷன் இல்லை அவர். ஆனால் அந்த ஒரு வருஷம் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது அந்தக் கோபம்தான். அது இல்லையென்றால் படுத்த பாயிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார்.

மற்றபடி அவர் வேலை எப்போதும்போல நடந்தது. விடியற்காலையில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கு மேலே போவார். வழியில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஜீப்பு அதைத் தாண்டாது. பெண்கள் இறங்கித் தண்ணீரில் நடந்துதான் அக்கரை போக வேண்டும். பாறை இருக்கிற இடத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடும், காலை வாரிவிடும். மணல் படிந்த இடத்தில் நுரை இருக்காது, சும்மா கிடக்கும். "நுரை இல்லாத எடமாப் பாத்து எறங்கு ஆத்தா" என்று மொக்கச்சாமி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார். "எறங்கிட்டோம்ணே, நீங்க தொண்டையக் காப்பாத்துங்க" என்று அவர்கள் கேலி செய்வார்கள். இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்திக்கும் கால் வழுக்கியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் கார்த்தியும் முன்சீட்டில் தொற்றிக்கொள்வான். அப்பா வாயைத் திறப்பதற்குள் அவனே அதைக் கத்திவிடுவான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்சு ஏறி, மதுரையில் மாறி, திருச்செந்தூரைத் தாண்டி அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது சனிக்கிழமை பத்து மணி. பத்து அறை உள்ள விடுதியில் இவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஆடிக் காற்று மணலை வாரி ஜன்னலில் அடித்தது. கட்டணம் ஏன் குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த மாதத்தில் இந்தக் கடலுக்கு விஷயம் தெரிந்தவன் எவனும் வரமாட்டான்.

கார்த்தி தங்கியிருந்த நாலாம் நம்பர் அறையைக் கேட்டு வாங்கினார்கள். இருளம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "ஃபேன் சத்தம் போடுது. இந்தச் சத்தத்துல எப்பிடித் தூங்குனானோ" என்றாள்.

மொக்கச்சாமிக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. "வா, பால ஊத்திட்டு வந்துருவோம்" என்றார். ஊரிலிருந்து கிளம்பும்போதே மகனுக்காகக் கடலில் பால் ஊற்ற வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். வழியில் வாங்கிய பால் பாக்கெட் அவள் பையில் இருந்தது.

இரண்டு பேரும் கடலை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அலை ஆள் உயரத்துக்கு எழும்பி, வெள்ளை வெளேரென்று நுரை கக்கிக்கொண்டு விழுந்தது. இருளம்மாள் பயந்து பின்வாங்கினாள். மொக்கச்சாமியின் கண் தன்னால் இடமும் வலமும் தேடியது. சற்றுத் தள்ளி, இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு நுரையே இல்லாமல் தண்ணீர் சும்மா கிடந்தது.

"அங்கிட்டு வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் காலடி மணல் சரசரவென்று உருவிக்கொண்டு போனது.

பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒரு கிழவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். காக்கிச் சட்டை. விடுதி வாட்ச்மேன். வந்த வேகத்தில் இரண்டு பேரையும் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

"அண்ணாச்சி, சாவவா வந்திய? அலை இல்லாத இடத்துல இறங்குதியளே" என்று மூச்சு வாங்கினார். "அடிக்கிற அலைத் தண்ணி பூரா திரும்பிக் கடலுக்குப் போவணும்லா? அது போற பாதைதான் இது. மேல சாதுவாத் தெரியும். உள்ள ஆளைத் தூக்கிட்டுப் போயிரும். போன வருசம் ஒரு பய இப்படித்தான் போனான். மலைப்பக்கத்துப் பய."

மொக்கச்சாமிக்குத் தான் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. தான் யாரென்று சொல்லாமலே கேட்டார். "குடிச்சிருந்தானுகளோ?"

"காலையில ஏழு மணிக்கு என்னத்தக் குடிக்க? நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். நல்ல பயலுவ."

"கூட வந்தவன் ஒருத்தன் இழுத்துட்டு எறங்குனதாச் சொன்னாகளே."

"எவன் சொன்னான்? மத்த ரெண்டு பேரும் அறையில தூங்குதானுவ. அந்த நெட்டைப் பயதான் முந்திப் போனான். கண்ணாடி போட்ட பய ஒருத்தன், வேண்டாம்டா வேண்டாம்டான்னு கத்துதான். இவன் சிரிச்சிக்கிட்டே, நுரை இல்லாத எடமாப் பாத்து எறங்கணும், எங்கப்பா சொல்லியிருக்காருன்னான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் விசிலை எடுக்கதுக்குள்ள ஆளைக் காணல. கண்ணாடிக்காரன் பொறத்தாலயே பாய்ஞ்சிட்டான். வள்ளத்துல வந்தவனுவ அவன் முடியைப் பிடிச்சித்தான் தூக்கிப் போட்டானுவ. கண்ணாடியும் போச்சி. உப்புத்தண்ணியில கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து, ரெண்டு நாளா கண்ணு தெரியாமத் தடவிக்கிட்டுத் திரிஞ்சான் பாவம்."

மொக்கச்சாமி மணலில் உட்கார்ந்துவிட்டார். சுடுகாட்டில் அந்தப் பையன் கண்ணாடி இல்லாமல் நின்றது இப்போது நன்றாகத் தெரிந்தது. அறைந்தபோது கை எங்கே பட்டது என்றுகூட நினைவு வந்தது. மகனைக் கொன்றது யார் என்று ஒரு வருஷமாகத் தேடி அலைந்து, கடைசியில் தன்னிடமே வந்து நிற்கிறோம் என்பதை அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இருளம்மாளுக்கும் எல்லாம் காதில் விழுந்திருந்தது. நுரை புரண்டு வந்து காலைத் தொட்ட இடத்தில் பாலை ஊற்றினாள். பிறகு திரும்பி வந்து அவர் சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பேசுங்க" என்றாள்.

முதல் மணியிலேயே சூர்யபிரகாஷ் எடுத்துவிட்டான். திரையில் கார்த்தி என்று பெயர் வந்திருக்கும்.

"மாமாவா?"

"ம்."

"அலைச் சத்தம் கேக்குது. அங்கயா இருக்கீங்க?"

"ம்."

"அத்தையும் வந்திருக்காங்களா?" அவன் குரல் பதறியது. "மாமா, தண்ணியில எறங்காதீங்க. உங்களுக்கு எது நல்ல எடம்னு தோணுதோ, அங்க மட்டும் எறங்கிறாதீங்க."

மொக்கச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் அடிச்சப்பவே ஏண்டா சொல்லல?"

"சொன்னா அதுக்கப்புறம் நீங்க எப்பிடி மாமா ஜீப்பு எடுப்பீங்க? அந்த ஓடையில எப்பிடி நிப்பீங்க?"

காற்று மணலை வாரி மேலே இறைத்தது. இருளம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"திங்கக்கெழமை நான் வர்றேன் மாப்ளே" என்றார் மொக்கச்சாமி. "எல்லாத்தையும் சொல்லிர்றேன். உம்மேல ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் குடுத்துர்றேன்."

"சரி மாமா. அவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் சொல்ல வேணாம்."

"அதத்தான் மொதல்ல சொல்லணும்" என்றார் அவர்.