ஏசி அறையில் ஒரு ஜென்ஷியன்

ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துச் சம்பாதித்த முருகானந்தத்துக்கு ஒரு பெருமை உண்டு. சங்ககிரியில் தன் வீட்டுக்குத் தானே தொள்ளாயிரம் அடி இறக்கிய போர்த் தண்ணீருக்கு உலகத்தில் ஈடு கிடையாது என்பார். அந்தத் தண்ணீர் பட்ட வாளியெல்லாம் வெள்ளையடித்த மாதிரி ஆனதும், குழாய் வாயைச் சுண்ணாம்பு கட்டி அடைத்ததும் அவர் கண்ணில் படவே இல்லை.

போர் போடும் ரிக் வண்டியோடு இமாசலத்துக்குப் போனவர், திரும்பும்போது ஒரு ஜென்ஷியன் தொட்டியோடு வந்தார். குளிர்ந்த மலையில் நீலமாகப் பூக்கிற செடி. "ஐப்பசியில நம்மூட்டுல பூக்கும், வந்து பாருங்க சகலை" என்று பிரபாகருக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டார். ஏற்காட்டிலேயே வீடு வைத்திருக்கும் பிரபாகர் சிரித்த சிரிப்பில் இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மனைவி தமிழ்ச்செல்வி இருபது வருஷமாகப் புழுங்குகிறது என்றபோதெல்லாம் சன்னலைத் திறக்கச் சொன்ன மனுசன், செடிக்காக மறுநாளே மாடி அறையில் ஏசி மாட்டினார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் செடி என்ன பாவம் செய்தது? அவர் காலையும் மாலையும் போர்த் தண்ணீரை ஊற்ற, பத்தே நாளில் இலை மஞ்சளாகிவிட்டது. தொட்டியோடு வந்த சீட்டை அவள் எடுத்துப் படித்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் இதற்கு விஷம், மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. கொண்டுபோய்க் காட்டினாள்.

"என்ர போர்த் தண்ணி ஆவாதுன்னு எவஞ் சொன்னது?" என்று சீட்டைக் கசக்கி எறிந்தார்.

மழைக்கு எங்கே போவது? ஏசிக் குழாயிலிருந்து வெளியே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். அதில் சுண்ணாம்பு ஏது? வாளி வைத்துப் பிடித்தாள். அவர் மறுபடி ரிக்கோடு வெளியூர் போன ஒன்றரை மாதமும், பழைய மண்ணைத் தட்டிவிட்டு இலைமக்குப் போட்டு, அந்தத் தண்ணீரையே ஊற்றினாள். செடி தெளிந்தது. ஐப்பசியில் ஆறு பூ. அந்த நீலத்தைப் பார்த்த அன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊர் திரும்பிய கையோடு முருகானந்தம் சகலையைக் குடும்பத்தோடு வரவழைத்தார்.

"எல்லாம் நம்ம போர்த் தண்ணி மகிமைங்க சகலை" என்றவர், கண்ணெதிரே ஊற்றிக் காட்ட ஒரு சொம்பு நிறைய மொண்டு வந்தார்.

தமிழ்ச்செல்வி குறுக்கே போய்ச் சொம்பைப் பிடித்தாள்.

"ஏனுங்க, செடிக்கு அப்பறம் ஊத்தலாம். இத்தனை ஒசத்தியான தண்ணி, மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

கேன் தண்ணீர் தவிர வேறெதுவும் இறங்கிப் பழகாத தொண்டை அவருடையது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்ப நின்றவர், கடைசியில் குளியலறைக்கு ஓடினார்.

"செடிக்கு நான் புடிச்சு வெச்ச ஏசித் தண்ணி இருக்குதுங்க மாமா" என்று பிரபாகரிடம் சொன்னாள் தமிழ்ச்செல்வி. "நீங்க உக்காருங்க, கேன் தண்ணி கொண்டாரேன்."