இறங்கிப் பாருங்க

ஒரு கார் வாங்குவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதே மைலேஜ் பேச்சுதான். என் கணவர் வேல்முருகன் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்தே நிபுணர் ஆகிவிட்டார்.

கார் யாருக்கு? என் அப்பா கைலாசத்துக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது முழங்கால் மடங்காது. போதாததற்குக் கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் வெண்ணந்தூரிலிருந்து சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போயாக வேண்டும். முடிந்து வரும்போது உட்காரத் தெம்பிருக்காது, பின் சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துத்தான் வருவார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கல்யாண சவாரி கிடைத்ததென்று வாடகைக் கார்க்காரன் வராமலே போய்விட்டான். மறுநாள் அப்பாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, மூச்சு இரைத்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே சொன்னேன், என் தையல் யூனிட் வருமானத்தில் சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்று.

முடிவு செய்தது அப்பாவுக்காக. வாங்கப் போனதோ டிக்கிக்காக! "டிக்கி இருந்தாத்தான் காரு, புள்ள. இல்லாட்டி அது வெறும் தீப்பெட்டி" என்பார் என் கணவர். டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய செடான் எங்களுக்கு எட்டாது. அதனால் குட்டி செடான். நாலு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவாம். அதற்காகப் பின்பக்கத்தை நறுக்கி, கூரையைச் சரித்து, மிச்ச இடத்தில் ஒரு டிக்கியையும் திணித்து வைத்திருக்கிறார்கள்.

வண்டி பார்த்துச் சொல்ல நாமக்கல்லிலிருந்து தன் நண்பர் தனசேகரை வரவழைத்தார். நாலு லாரிக்குச் சொந்தக்காரர். இருபத்தைந்து வருஷமாக வண்டியோடு புழங்குகிறவர். அவர் சரியென்றால் சரி. அப்பாவையும் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னதற்குத்தான் வீட்டில் அவ்வளவு முணுமுணுப்பு.

"மாமா எதுக்கு அலையோணும்? நாங்க பாத்துட்டு வந்தர்றோம்."

"அவருக்குத்தானுங்க காரு" என்று நான் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சேலம் ஷோரூமில் அப்பாவை சோபாவில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தனசேகர் அண்ணன் டயரை உதைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார், பக்கத்து சீட்டில் என் கணவர். பின்னால் உட்கார்ந்தது ஷோரூம் பெண் சௌந்தர்யா. ஊதினால் பறந்துவிடுவாள், அவ்வளவு ஒல்லி. அரை மணி கழித்து மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"டிக்கில அஞ்சு மூட்டை தாராளமாப் புடிக்குமுங்க" என்றார் தனசேகர் அண்ணன்.

எங்கள் வீட்டில் யார் மூட்டை ஏற்றுகிறார்கள்?

"எத்தன வருசம் ஓடும்னுதானுங்க பாக்கோணும். இது பத்து வருசம் அசையாம ஓடும். கண்ண மூடிட்டு வாங்குங்க."

"அண்ணா, பின்னாடி உக்காந்து பாத்தீங்களா?"

"பின்னாடியா?"

நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. லாரிக்குப் பின் சீட்டு ஏது? டிரைவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அவர் கணக்கில் லோடுதான். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? சொந்த மாமனாருக்குக் கார் வாங்க வந்த மனுஷனுக்கே அது தோன்றவில்லையே!

சௌந்தர்யா பின் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறிப் பாருங்கப்பா."

அப்பா காபியை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். முதுகைக் காட்டித் திரும்பி, பொத்தென்று சீட்டில் விழுந்தார். மடங்காத காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"சௌகரியமா இருக்குதுங்க."

"பாத்தியா மோகனா?" என்றார் என் கணவர்.

"சரி. இப்ப எறங்குங்கப்பா" என்றேன்.

எந்தக் கடையிலும் ஏறிப் பாருங்க என்றுதான் சொல்கிறார்கள். இறங்கிப் பாருங்க என்று யாரும் சொல்வதில்லை. அப்பா முன் சீட்டைப் பிடித்து எம்பினார். கூரை விளிம்பு நெற்றியில் இடித்தது. மறுபடி எம்பினார். வேட்டி காலில் சிக்கி, மறுபடியும் சீட்டிலேயே விழுந்தார். கடைசியில் இந்தக் கையை என் கணவரும் அந்தக் கையைத் தனசேகர் அண்ணனும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். ஷோரூமே பார்த்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"எனக்குன்னு பாக்காதீங்க மாப்ள. வண்டி பத்து வருசம் ஓடும்ங்கறாங்க. நான் எங்க அத்தன வருசம் ஓடப்போறேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா" என்று என் கணவர் சொன்னார்தான். ஆனால் அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையும் டிக்கியின் மேலேயே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, மொதல்ல அந்த டிக்கில இருந்து கைய எடுங்க!"

மூலையில் ஒரு வண்டி நின்றது. உயரமாக, சதுரமாக, வால் இல்லாமல். எங்கள் வீட்டில் தீப்பெட்டி என்று பெயர் வாங்கியது. நேரே போய் அதன் பின் கதவைத் திறந்தேன்.

"அப்பா, இதுல எறங்கிப் பாருங்க."

"ஏறித்தானே மேடம்?" என்று சௌந்தர்யா திருத்தினாள்.

"இல்லம்மா. எறங்கிப் பாக்கத்தான் வந்தோம்."

சீட்டு அப்பாவின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. சும்மா திரும்பி உட்கார்ந்தார். மேலே இருந்த பிடியை ஒரு கையால் பற்றினார். தாங்கிப் பிடிக்க நீண்ட தனசேகர் அண்ணனின் கைகள் பாதியில் நின்றன. அப்பா தானாக எழுந்து நின்றார். வேட்டிகூடக் கலையவில்லை.

"ஊர்ல சிரிப்பாங்க மோகனா" என்றார் என் கணவர், சுரத்தில்லாமல்.

"சும்மா இருங்க வேலு" என்றார் தனசேகர் அண்ணன். "நான் பாத்த பார்வைதான் தப்புங்க தங்கச்சி."

எனக்குக் கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. சௌந்தர்யா படிவத்தை நீட்டி, வண்டி யார் பேருக்கு என்று கேட்டாள். வாயைத் திறப்பதற்குள் பின்னால் கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா மறுபடியும் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார். ஒரு கை பிடியில் தயாராக இருந்தது.

"இன்னொருக்கா எறங்கட்டுமா சாமி?" என்றார்.