புழுவின் சாட்சி

தடதடவென்று கடைவாசலே இடிந்து விழுந்தது போல ஒரு சத்தம். டெய்லர் அக்கா மிதித்துக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. ஓடி வந்து பார்த்தால், ஒரு சின்ன வேனின் பின்கதவு திறந்து தொங்குகிறது. தெரு முழுக்கக் கத்தரிக்காய்.

"போச்சு! கொண்டியைச் சரியா மாட்டலை" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார் டிரைவர். ஊருக்குப் புதுசு. "அக்கா, இயற்கைக் காய்கறிக் கடை இதுதானே?"

"பக்கத்துக் கடை. என் தம்பிதான் நடத்துறான். இருங்க, நானும் பொறுக்குறேன்."

தம்பி என்று சொல்லும்போதே அவளுக்கு ஒரு பெருமை வரும். வராதா பின்னே? அவள் வயிற்றில் பாலை வார்த்த கடை அது.

அவள் புருஷன் பல வருஷமாக முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஊரார் தோட்டத்துக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர். இப்போது அந்தக் கை ஒரு டம்ளர் தண்ணீரை வாய் வரைக்கும் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் சிந்திவிடுகிறது. "இனிமே ஒரு சொட்டு விஷம்கூட உள்ளே போகக் கூடாதும்மா. மருந்தடிக்காத காயாப் பார்த்துக் கொடுங்க" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

எங்கே போய்ப் பார்ப்பது? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைதான். ஆனால் பயந்துகொள்ளாமல் கடித்துத் தின்ன ஒரு காய் கிடையாது. விளைவதெல்லாம் பேக்கிங் ஷெட்டுக்குப் போய், பெட்டியில் ஏறி, பெரிய நகரங்களுக்குப் பறந்துவிடும். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் கேட்டாள். "மருந்தடிக்காம விளையுதுன்னு எங்கயாவது கேள்விப்பட்டா எங்களுக்கும் சொல்லும்மா" என்று சிரித்து அனுப்பினார்கள்.

அப்போதுதான் தம்பி கடையைத் திறந்தான். முதல் போணி அவள்தான். வெட்டி மிஞ்சின துணியில் கடைக்குப் பை தைத்துக் கொடுத்தாள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அங்கே அனுப்பினாள். "எங்க வீட்டுக்காரருக்கே அங்கதான் வாங்குறேன்" என்பாள். அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்?

தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. யாராவது சந்தேகமாகப் பார்த்தால், ஒரு கத்தரிக்காயை இரண்டாக உடைத்து மூக்குக்கு நேரே நீட்டுவான். உள்ளே புழு நெளியும். "பார்த்தீங்களா? மருந்தடிச்சா இது உசுரோட இருக்குமா? புழு தின்னதை நாம தைரியமாத் தின்னலாம்!" ஜனங்கள் ஓட்டை விழுந்த காயாகத் தேடிப் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஓட்டை இல்லாத காயைச் சீண்ட ஆளில்லை.

இத்தனைக்கும் புருஷனுக்கு நடுக்கம் குறையவில்லை. இந்த மாதம் கூடித்தான் போயிருந்தது. ஒளித்து சிகரெட் பிடிக்கிறாரோ என்று அவர் சட்டைப் பையை மோந்து பார்த்து, வாய்க்கு வந்தபடி ஏசியும் இருந்தாள்.

கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டே டெய்லர் அக்கா சொன்னாள்: "ஒண்ணுவிடாம ஓட்டை! சுத்தமான சரக்கு."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா தமாஷ் பண்றீங்கக்கா! இது பேக்கிங் ஷெட்டுல கழிச்சுப் போட்டது. ஆத்தங்கரைத் தோட்டத்துக் காய். அங்க இருக்கிற புழு எதுக்கும் மசிய மாட்டேங்குது. ஒரு மருந்து அடிச்சாங்க, கேக்கலை. வேற அடிச்சாங்க, அதுக்கும் கேக்கலை. இப்போ ரெண்டையும் கலந்து அடிக்கிறாங்க. நேத்து சாயங்காலம்கூட அடிச்சாங்க."

அவள் கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குழியில கொட்டுறதை உங்க தம்பி எடுத்துக்கிறேன்னாராம். எருவுக்கோ எதுக்கோ, நமக்கென்ன? ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. மாட்டுக்குக் கீட்டுக்குப் போட்டுடப் போறார், பாவம், வாயில்லா ஜீவன்."

அவளுக்கு உச்சந்தலையில் கொள்ளிக்கட்டையை வைத்தது போல இருந்தது. கூடையோடு பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள். ரிட்டயர்டு வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓட்டைக் கத்தரிக்காய் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"வாங்காதீங்க சார்! இது குழிக்குப் போக வேண்டிய குப்பை. ரெண்டு மருந்தைக் கலந்து குளிப்பாட்டியிருக்கு!"

தம்பி கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தான். "அக்கா! ஆளுங்க இருக்கும்போது என்ன இது?"

"ஆளுங்க இருக்கிறதாலதான்டா சொல்றேன். டிரைவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!"

அவன் இல்லை என்று சொல்லவில்லை. "இந்த ஊர்ல மருந்தடிக்காத காய்க்கு நான் எங்க போவேன்? நீயே தேடி அலைஞ்சவதானே? ஜனங்க ஓட்டை கேட்டாங்க, ஓட்டை கொடுத்தேன்."

"உங்க மாமா கேட்டாராடா? நடுங்குற கையோட, 'என் மச்சான் கடைக் காய்'னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தின்னாரே அந்த மனுஷன்! நான் வேற அவரைத் திருடனைப் பிடிச்ச மாதிரி பிடிச்சு உலுக்கினேன். ஊரானுக்கு விஷம் வித்தா ஏமாத்துக்காரன். கூடப் பிறந்தவ வீட்டுக்கும் அதையே வித்தா அவனுக்கு என்னடா பேரு?"

வாத்தியார் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வாசலில் போய் நின்றார். தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் மட்டும் என்ன அமிர்தமா சாப்பிடுறேன்?" தம்பிக்கு எங்கிருந்தோ வீராப்பு வந்தது. "எங்க வீட்லயும் இதே கத்தரிக்காய்தான்க்கா. சத்தியமா!"

சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னாலேயே இருந்த தம்பி வீட்டிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி அம்மா வந்தாள். மகளின் கையைப் பிடித்து உள்பக்கமாக இழுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாதடி, தெருவே கேக்குது. கொல்லையில நமக்குன்னு மருந்தடிக்காமப் போடுற காய்ல மாப்பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுத்துடுவோம்டான்னு நான் அப்பவே சொன்னேன். அக்கா நம்ம கடையில வாங்கினாத்தான் நாலு பேர் நம்புவாங்கன்னு இவன்தான் வேண்டாம்னுட்டான்."