சம்லியக்கா ஆடிய வேண்டுதல் ஆட்டம்

தாய்லாந்தின் அயுத்தயாவில், இடிந்த புத்தர் கோயிலுக்கு எதிரே, ராஜா காலத்து உடைகளை வாடகைக்கு விடுகிறேன். படம் எடுக்க வரும் இளசுகள் பட்டில் ஐஸ்கிரீமைச் சிந்திவிட்டு, "முன்னாடியே இருந்துச்சு" என்று சாதிப்பார்கள். அதனால் எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். சம்லியக்காவிடம் மட்டும் அது செல்லவில்லை.

"ஆடுறதுக்கு ஒரு உடுப்பு குடும்மா. இடுப்புல இறுக்கக் கூடாது" என்றார். அறுபதைத் தாண்டியவர். பின்னால் கைத்தடியோடு கணவர் புன்லூ அண்ணன். நாடகக் குழுவில் மேளம் வாசித்தவராம். பக்கவாதத்தில் அவர் விழுந்தபோது, அக்கா எதிர்க் கோயிலுக்கு ஓடிவந்து, அங்கிருக்கும் தலையில்லாத புத்தர் சிலையிடம் வேண்டியிருக்கிறார். இவர் எழுந்து நடந்தால் வந்து ஆடுவதாக.

"காசு குடுத்து ஆட்டக்காரிங்களை ஆட வைக்கிறேன்னு சொல்லியிருக்கலாமேக்கா? ஊரே அப்படித்தானே செய்யுது?"

"பதட்டத்துல நானே ஆடுறேன்னு வாயில வந்துடுச்சு. அதைவிடக் கொடுமை, காலை மட்டும் கேட்டேன். பேச்சைக் கேக்க மறந்துட்டேன்."

விழுந்ததிலிருந்து அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். "வீடே வெறிச்சுனு இருக்கு. திட்டுறதுக்காவது வாயைத் திறக்க மாட்டாரான்னு இருக்கு" என்றபோது அக்காவின் குரல் உடைந்தது. கிரீடத்தைக் கட்டிவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே கோயிலுக்குப் போனேன்.

பழைய செங்கல் மேல் உட்காரக் கூடாது. அண்ணனுக்கு என் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டேன். போனில் பாட்டை வைத்தேன்.

அக்கா ஆடினார் என்று சொன்னால் ஆட்டம் கோபித்துக்கொள்ளும். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கிரீடம் காதுக்குச் சரிந்தது. சிரித்த இளசுகளை முறைத்தேன். திரும்பிப் பார்த்தால், அண்ணனின் நெற்றி சுருங்கியிருந்தது. விரல்கள் கைத்தடியைத் தட்டிக்கொண்டிருந்தன. அக்கா மறுபடியும் காலை மாற்றி வைத்தார்.

"தா... தாளம்... தப்பு."

அக்கா அப்படியே நின்றுவிட்டார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓடிவந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "திட்டுங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க!" என்று அழுதார். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா புத்தர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"சாமி, இவருக்குப் பேச்சு முழுசா வந்துட்டா, மறுபடியும் நானே வந்து..."

அண்ணன் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆட்டம்... வேண்டாம்" என்றார். "நானே பேசுறேன்."